அடிப்பூச்சில் விழும் வெயில்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. செருப்புப் பெட்டி ஒன்றில் பன்னிரண்டு பொம்மைகள், துணிப்பையில் மூன்று ஸ்ப்ரே கேன்கள், ஒரு முகமூடி. இவற்றை வண்டியில் வைத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து எங்கள் ஊருக்குக் கிளம்பினேன். ஊரில் ஐயா கட்டிய பெரிய வீடு பூட்டியே கிடக்கிறது. இப்போது ஏழு பங்கு. கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் எல்லாரும் கூடுவோம். சாவி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இருக்கும். "பொம்மைக்கு மருந்தடிக்க வந்தீகளா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

மருந்தடிப்பது என்று அவர் சொல்வது பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அடிப்பதைத்தான். சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். மேசை மேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்காக வார்க்கப்படும் 28 மில்லிமீட்டர் வீரர்களில் தொடங்கி, இப்போது நானே எபாக்ஸி புட்டியில் (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் களிம்பு) பிடிக்கும் உருவங்கள் வரை வந்திருக்கிறேன். முடிந்த பொம்மையின் படத்தைப் பார்ப்பவர்கள் எந்த வண்ணம், எந்த பிரஷ் என்று கேட்பார்கள். அடியில் என்ன அடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பொம்மையின் முகத்தில் உயிர் தெரிகிறதா என்பது, நான் முதல் வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அடிப்பூச்சு பற்றித்தான்.

பிரைமர் ஏன் வேண்டும் என்பதை எனக்கு முதலில் புரியவைத்தவர் ஒரு வேளார். எங்கள் பக்கத்தில் புரவி எடுப்புக்கு ஐயனாருக்கு மண் குதிரை செய்து கொடுப்பவர். சுட்டு எடுத்த குதிரை சிவந்து நின்றது. அதன் மேல் அவர் சுண்ணாம்பை ஒரு கை பூசினார். காய்ந்ததும் இன்னொரு கை பூசினார். நேராக நீலமும் சிவப்பும் அடித்தால் என்ன என்று கேட்டேன். "மண்ணு குடிச்சிரும் தம்பி. அது குடிக்கிற மட்டும் வெள்ளையைக் குடுத்து அடக்கிறணும். அப்புறம் வைக்கிற நெறம்தான் மேல நிக்கும்" என்றார்.

பிளாஸ்டிக்கின் கதை இதற்கு நேர் எதிர். அது சொட்டுக்கூடக் குடிக்காது. தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் வண்ணத்தை வெறும் பிளாஸ்டிக் மேல் வைத்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி திரண்டு ஓரத்துக்கு ஓடும். காய்ந்த பிறகும் நகம் பட்டால் உரிந்து வரும். குடிக்கிற மண்ணை அடக்கவும், குடிக்காத பிளாஸ்டிக்கும் ஈயமும், அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் என்ற பிசினும் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளவும் இடையில் ஒரு பூச்சு வேண்டியிருக்கிறது. நல்ல பிரைமர் காய்ந்த பின் பளபளக்காது. தொட்டால் முட்டை ஓட்டைப் போல மிக மெல்லிய சொரசொரப்பு இருக்கும். வண்ணம் கால் ஊன்றுவது அந்தச் சொரசொரப்பில்தான்.

அதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு. ரெசின் பொம்மை அச்சிலிருந்து லேசாகக் கழன்று வருவதற்காக அச்சுக்குள் ஒரு வழுக்குப் பூச்சு தடவியிருப்பார்கள். அது பொம்மை மேல் ஒட்டிக்கொண்டே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு ராத்திரி காய வைக்க வேண்டும். நாமே பிடித்த புட்டி உருவத்திலும் நம் கை எண்ணெய் இருக்கும், அதையும் கழுவத்தான் வேண்டும். இதைத் தவறவிட்டால் பிரைமர் அந்தப் புள்ளிகளில் மட்டும் விலகி நின்று மீன் கண் மாதிரி ஓட்டை காட்டும்.

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு தோள் வழியாக, தலை வழியாக ஓடும். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. நான் முதல் இரண்டு வருடம் அதைக் கவனித்ததே இல்லை. காரைக்குடியில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் பார்க்கும் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவரிடம் என் பொம்மைகளைக் காட்டியபோது, முதலில் அவர் விரல் போய் நின்ற இடம் அந்தக் கோடுதான். "பட்டி பார்க்கலையா தம்பி? சாம்பல் பிரைமர் ஒரு கை அடிச்சுப் பாரு, மேடு பள்ளம் எல்லாம் வெளிய வந்துரும். அதுக்கப்புறம் உப்புத்தாள் போடு" என்றார். அன்றிலிருந்து நான் பிரைமரை இரண்டு தடவை அடிக்கிறேன். முதல் தடவை குறையைக் காட்டித் தருவதற்கு, அதுவும் சாம்பல் நிறத்தில் மட்டும். கறுப்பு எல்லாவற்றையும் மறைக்கும். வெள்ளையில் கண் கூசும். சாம்பல் நிறத்தில் ஒரு கீறல்கூடத் தப்பாது. தெரிந்ததைப் புட்டியால் அடைத்து, 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடியும் அடிப்பேன். ஜப்பானில் இதற்கென்றே எண் போட்டு விற்கும் மிஸ்டர் சர்ஃபேசர் என்ற பிரைமர் உண்டு: 500, 1000, 1200, 1500. எண் ஏற ஏறப் பூச்சு மெலியும். 500 கீறலை அடைக்கும், 1500 மேற்பரப்பை வழுவழுப்பாக்கும்.

கனமாகப் பூசினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, எங்கள் தெருக்கோடி வீட்டின் முகப்பைப் போய்ப் பார்த்தால் போதும். அங்கே கைப்பிடிச் சுவர் மேல் துப்பாக்கியோடு நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாயின் சுதை உருவம் ஒன்று இருக்கிறது. கொத்தனார் அன்றைக்கு ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகப் பிடித்திருப்பார். தலைமுறை தலைமுறையாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் சுண்ணாம்பும் பெயிண்டும் ஏறி ஏறி, இப்போது அந்தக் கையில் விரல்களே இல்லை, ஒரு உருண்டைதான் இருக்கிறது. அவ்வளவு பெரிய உருவத்துக்கே அந்த நிலை என்றால் ஒரு அங்குல வீரனின் கண் இமையை நினைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் மூடிவிட வேண்டும் என்கிற ஆசையை விட்டுவிட வேண்டும். முதல் கையில் அடிப்பரப்பு ஆங்காங்கே தெரிந்தால் தெரியட்டும்.

சரி, எங்கள் ஊர் வெயிலுக்கு வருகிறேன். கேன்களில் அச்சிட்டிருக்கும் குறிப்புகள் குளிர்ந்த நாட்டுக்காரர்களுக்கானவை. என்னிடம் இருக்கும் கேனில் 25 டிகிரிக்குள் அடிக்கவும் என்று போட்டிருக்கிறது. செட்டிநாட்டில் சித்திரை மாதத்தில் நடுராத்திரிக்குக்கூட அந்த அளவுக்கு இறங்காது. மூன்று வருடத்துக்கு முன் கத்திரி வெயிலில், பகல் ஒரு மணிக்கு, மொட்டை மாடியில் வைத்து எட்டு வீரர்களுக்கு வெள்ளை பிரைமர் அடித்தேன். கேனிலிருந்து கிளம்பிய துளி பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாகிப் போய் உட்கார்ந்தது. தடவிப் பார்த்தால் உப்புத்தாள். இரண்டு மாதமாக இழைத்துத் தயார் செய்த முகங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறப் போட்டு, பல் பிரஷ்ஷால் தேய்த்து, எட்டில் ஐந்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்ற மூன்றும் ரெசின். அதிக நேரம் ஊறிவிட்டதால் மூக்கு மென்மையாகி மழுங்கிவிட்டது.

அதற்கு நேர் எதிரான தவறையும் செய்திருக்கிறேன். கார்த்திகை மாதம், மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மண் வாசனை அருமையாக இருந்தது. கறுப்பு அடித்தேன். பத்து நிமிடத்தில் பொம்மை முழுக்க விபூதி பூசியது போல வெள்ளை படர்ந்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, காயாத பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதனால்தான். நல்லவேளையாக அதற்கு மருந்து சுலபம். உலர்ந்த நாளாகப் பார்த்து அதே கறுப்பை மெல்லியதாக இன்னொரு கை அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்படிப் பட்டுப் பட்டு எனக்கென்று ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறேன். பங்குனி முதல் ஆனி வரை காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள். அதற்கு முன் காற்றில் ஈரம் இருக்கும், பின்னால் சூடு ஏறிவிடும். ஆடியில் காற்று ஓயும் நேரம் பார்த்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, அதற்குள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல வெயில் அடித்து இரண்டு நாள் ஆனால்தான், அதுவும் உச்சிவேளையில். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் பொற்காலம். பெரிய வேலைகளை நான் அப்போதுக்குத் தள்ளிவைத்துவிடுவேன்.

அடிக்கும் முறையிலும் சில பழக்கங்கள் ஊறிவிட்டன. கேனுக்குள் இருக்கும் குண்டு சத்தம் போட ஆரம்பித்த பிறகு முழுசாக இரண்டு நிமிடம் குலுக்குவேன். ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூட, அதாவது 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை தள்ளி நிற்பேன். பொம்மைக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அதன் மேல் ஓடவிட்டு, மறுபக்கம் தாண்டிய பிறகுதான் விரலை எடுப்பேன். பொம்மை மேலேயே அழுத்தினால் முதல் துப்பல் திட்டாக விழும். முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும் வரை அடித்துவிட்டால் கேனின் மூக்கு அடைக்காது. முகமூடி என்று நான் சொல்வது கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிப்பான் உள்ளது, துணி முகமூடி இதற்கு உதவாது. கேனை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. 50 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கும் என்று கேனிலேயே போட்டிருக்கும். எங்கள் ஊர்ச் சித்திரையில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும்.

இனி நிழலைப் பற்றி. எனக்கு இந்தக் கலையிலேயே மிகப் பிடித்த பகுதி இது.

ஒரு அங்குல உயரப் பொம்மைக்கு ஏன் நிழலைத் தீட்ட வேண்டும், வெளிச்சத்தில் வைத்தால் தானாக நிழல் விழாதா? விழும், ஆனால் போதாது. உண்மையான ஆளின் சேலை மடிப்பு நான்கு விரல் ஆழம் இருக்கும். பொம்மையில் அதே மடிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அறை வெளிச்சம் நாலு பக்கமிருந்தும் வந்து அந்தச் சின்னப் பள்ளத்தை நிரப்பிவிடும். கை நீட்டித் தொடும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் தட்டையாகத் தெரியும். அதனால் அந்த உருவம் ஆளளவு இருந்தால் வெளிச்சம் எங்கே விழும், எங்கே விழாது என்று நாம்தான் எழுத வேண்டும்.

அதை வண்ணத்தோடு சேர்த்து எழுதுவது ஒரு முறை. வண்ணத்துக்கு முன்பே எழுதிவிடுவது இன்னொரு முறை. பொம்மை முழுக்க, அடிப்பக்கம் உட்பட, கறுப்பு. அது காய்ந்ததும் சுமார் 45 டிகிரி சாய்வில் மேலிருந்து, நாலு பக்கமும் சுற்றிச் சாம்பல். கடைசியாக நேர் உச்சியிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் வெள்ளை. ஆங்கிலத்தில் ஜெனித்தல் என்பார்கள். ஜெனித் என்றால் தலைக்கு நேர் மேலே உள்ள வான உச்சி. நான் உச்சியொளி என்று சொல்லிக்கொள்கிறேன். முடிந்ததும் பொம்மையைப் பார்த்தால் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போல இருக்கும். நெற்றி, மூக்குத்தண்டு, தோள், முழங்கால் எல்லாம் வெளுத்திருக்கும். புருவத்துக்குக் கீழே, தாடைக்குக் கீழே, அக்குளில், மடிப்புக்குள் கறுப்பு அப்படியே தங்கியிருக்கும். இதன் மேல் மெல்லிய, ஊடுருவித் தெரியும் வண்ணத்தை ஒரே கையாக இட்டால் போதும், மேடு பள்ளமெல்லாம் தானாக வரும்.

புத்தகத்தில் படித்தும் காணொளி பார்த்தும் இது எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஏறியது எங்கள் வீட்டு வளவில்தான். செட்டிநாட்டு வீட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். முகப்பைத் தாண்டி, நிலையைத் தாண்டி உள்ளே போனால் சுற்றிலும் தேக்குத் தூண், நடுவில் வானம் பார்த்த முற்றம். பக்கச் சுவர்களில் ஜன்னல் குறைவு. வெளிச்சம் வருவதே மேலிருந்துதான். காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, சித்திரை பிறந்த ஓரிரு நாளிலும் ஆவணியில் ஏறக்குறைய பத்தாம் நாளிலும், பகல் பன்னிரண்டேகால் வாக்கில் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த நேரத்தில் முற்றத்தில் ஒரு சொம்பை வைத்தால் அதற்கு வெளியே நிழலே விழாது.

சின்ன வயதில் ஒரு சித்திரை மாதம், அப்பத்தா அந்த முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வற்றல் பிழிந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறுகிறது, உள்ளே வாருங்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. நான் பட்டாலையில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களின் நரைத்த தலை வெள்ளையாகப் பற்றி எரிந்தது. நெற்றியும் கன்னத்து எலும்பும் ஒளிர்ந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு இருட்டுக் குழிகள். கழுத்து தெரியவில்லை. நீட்டிய முழங்கால் மேல் கண்டாங்கிச் சேலை மஞ்சளாகத் தகதகத்தது. முழங்காலுக்குக் கீழே அதே மஞ்சள் பழுப்பாகி, அரக்காகி, தரையோடு கலந்தது. முதன்முதலாக உச்சியொளி அடித்த ஒரு பொம்மையைக் கையில் திருப்பிப் பார்த்த அன்று, சட்டென்று எனக்கு அந்தப் பகல்தான் ஞாபகம் வந்தது. தாடைக்குக் கீழே அதே இருட்டு.

அப்பத்தாவைப் பொம்மையாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். நின்றால் 75 மில்லிமீட்டர் வரும் அளவில், உட்கார்ந்த கோலத்தில். கம்பியில் எலும்பு முறுக்கி, அதன் மேல் புட்டி. உயரம் என் கட்டை விரல் அளவுகூட இல்லை. பிடித்து முடிக்க நாலு மாதம் ஆனது. அதற்கு அப்புறம் அடிப்பூச்சில் இரண்டு முறை தோற்றேன்.

முதல் முறை எல்லாரும் சொல்வது போல கறுப்பு, சாம்பல், வெள்ளை. அதன் மேல் தோலுக்கு மெல்லிய பழுப்பு. மேடு பள்ளம் அழகாக வந்தது. ஆனால் அப்பத்தா சாம்பல் பூத்துப்போய், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல இருந்தார்கள். இரண்டாம் முறை வண்ணத்தைக் கொஞ்சம் கனமாக வைத்தேன். சாம்பல் போனது, கூடவே நிழலும் போனது. பல நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோது விளங்கியது. கறுப்பிலும் வெள்ளையிலும் நிறமே கிடையாது. வெளிறிய தோலுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. நம் தோலின் நிழல் கறுப்புக்குப் போவதில்லை, ஆழ்ந்த செம்பழுப்புக்குப் போகிறது. நம் தோலில் வெயில் பட்ட இடமும் வெள்ளையாவதில்லை, தேன் நிறமாகிறது. அடியில் நிறமில்லாத சாம்பலை வைத்துவிட்டு மேலே எவ்வளவு நல்ல பழுப்பை ஓடவிட்டாலும், அந்தச் சாம்பல் ஊடே தெரிந்து சூட்டை உறிஞ்சிவிடும். கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் வீரனை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. நம் முகங்களைத் தீட்டும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நானே கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். அடியில் நிறம் வைப்பது பழைய வித்தை. இத்தாலிய ஓவியர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே தோலுக்கு அடியில் பச்சை கலந்த மண் நிறத்தில் நிழலை எழுதி, அதன் மேல் ரோஜா நிறத்தை ஓடவிட்டார்கள். அவர்கள் தோலுக்கு அவர்கள் தேடிக் கண்டது அது. நம் தோலுக்கு நாம் தேட வேண்டும்.

மூன்றாம் முறை கறுப்பைத் தொடவே இல்லை. காற்றழுத்தத்தில் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் 0.3 மில்லிமீட்டர் ஊசி, அழுத்தம் 18 பி.எஸ்.ஐ. காவியும் கறுப்பும் கொஞ்சம் ஊதாவும் கலந்த, ஏறக்குறைய காய்ந்த புளியின் நிறத்தில் பாலியூரித்தேன் பிரைமர், முழு உருவத்துக்கும். இந்த வகை பிரைமரை 24 மணி நேரம் தொடாமல் விட வேண்டும், அவசரப்பட்டு உப்புத்தாள் வைத்தால் தோல் போல உரியும். மறுநாள் 45 டிகிரியில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பு. உச்சியிலிருந்து வெள்ளைக்குப் பதில் தந்தம், அதிலும் துளி மஞ்சள் மண். சேலை விழும் இடத்தை மட்டும் தனியாகக் கவனித்தேன். கண்டாங்கியின் கடுகு மஞ்சள் லேசில் பிடிக்காது. மஞ்சள் நிறமிகள் பலவும் ஊடுருவித் தெரிபவை. கறுப்பு மேல் வைத்தால் பாசி பிடித்தது போலப் பச்சையாகத் திரியும், வெறும் வெள்ளை மேல் வைத்தால் வெளிறிப் போகும். வெளிச்சத்தில் இளஞ்சிவப்பும் நிழலில் அரக்கும் அடியில் இருந்தால் மேலே ஓடும் மஞ்சள் நெய் போல நிற்கும். 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் அந்த மஞ்சளைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த மஞ்சளைத் தூக்கி நிறுத்துவது கரையில் இருக்கும் அரக்கு என்று எனக்கு எப்போதும் தோன்றும். பொம்மையிலும் அதே வேலையை அரக்குதான் செய்தது.

ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும் இல்லாதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். கறுப்போ செம்பழுப்போ கேனில் அடித்துவிட்டு, பழைய முடி நிறைந்த பிரஷ்ஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு, அதைத் துணியில் கிட்டத்தட்ட முழுதும் துடைத்துவிட்டு, பொம்மையின் மேலிருந்து கீழாக லேசாகத் தட்டித் தட்டி இழுத்தால் மேடுகள் மட்டும் வெளுக்கும். ஒரு பிரஷ், பத்து நிமிடம். போர் விளையாட்டுப் பொம்மைகள் செய்யும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 2019இல் கான்ட்ராஸ்ட் என்ற ஊடுருவும் வண்ணங்களைக் கொண்டுவந்த பிறகு, கறுப்பு வெள்ளை அடிப்பூச்சின் மேல் அதை ஓடவிடும் முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த வண்ணமும் கிடைக்கவில்லை என்றால், சாதாரண அக்ரிலிக்கில் நிறமற்ற மீடியம் கலந்து மெலிதாக்கினால் போதும். நான் நாலு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

விமான மாதிரிகள் செய்யும் என் நண்பர் இதையே வேறு விதமாகச் செய்கிறார். அவருக்கு உச்சியொளி தேவையில்லை. தகடும் தகடும் சேரும் கோடுகளின் மேல் மட்டும் கறுப்பை மெல்லிசாக ஓட்டிவிட்டு, விமானத்தின் நிறத்தை அதன் மேல் பனி போலத் தூவுகிறார். கோடுகள் மட்டும் லேசாகக் கருத்து, பல வருடம் வெயிலில் நின்ற விமானம் மாதிரி வந்துவிடுகிறது. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இன்னும் கிடக்கிறது. அவர் அந்தப் பக்கம் போய் நின்று தரையின் நிறத்தைக்கூடக் குறித்துக்கொண்டு வருவார்.

அடிப்பூச்சு பற்றி யோசிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கைவேலைகள் இரண்டு மனத்துக்குள் வந்து நிற்கும். ஒன்று வீட்டுச் சுவர். சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கரடான பூச்சிலிருந்து நைசான பூச்சு வரை அடுக்கடுக்காக ஏற்றி, கடைசிக் கையில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. பல தலைமுறை ஆகியும் கன்னத்தை வைத்தால் குளிர்கிறது. அந்தப் பளபளப்பு முழுக்க மேல் பூச்சுடையது என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஈரம் ஏறி ஒரு மூலையில் சுவர் பெயர்ந்தபோது குறுக்குவெட்டாகப் பார்த்தேன். மேல் பூச்சு நகக்கண் கனம்கூட இல்லை. மற்றதெல்லாம் அடி.

இன்னொன்று ஆத்தங்குடிக் கல். அங்கே எல்லாம் தலைகீழ். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சாந்தைத்தான் முதலில் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, அதன் முதுகில் சிமென்ட்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, பிறகு ஈரக் கலவை. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியிலிருந்து பிரியும்போதுதான் பூவின் முகம் தெரியும். வேலை செய்பவர் கடைசி வரை முகத்தைப் பார்ப்பதே இல்லை. நான் பல நாள் அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். வண்ணம் முதலா, அடி முதலா என்பது எப்படி இருந்தாலும், இரண்டும் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் பொறுமை ஒன்றுதான்.

அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோன பெட்டியில் பன்னிரண்டாவதாக இருந்தது அப்பத்தா. மூன்றாவது அடிப்பூச்சு முந்தின ராத்திரிதான் முடிந்திருந்தது. மற்ற பதினோரு வீரர்களுக்கும் கறுப்பு அடித்துக் காயவைத்துவிட்டு, அப்பத்தாவை மட்டும் எடுத்து முற்றத்துத் தரையில் வைத்தேன். மணி பதினொன்றரை இருக்கும். மேலிருந்து இறங்கிய வெயிலும் நான் அடித்த வெயிலும் ஒரே இடத்தில் விழுந்தன. நெற்றியில், கன்னத்தில், நீட்டிய முழங்காலில். சேலைக்கு இன்னும் மஞ்சள் இல்லை, கட்டம் இல்லை, கண்ணுக்குக் கறுப்பு இல்லை. வெறும் புளி நிறமும் சிவப்பும் தந்தமும்தான்.

அன்றைக்குப் பள்ளத்தூரிலிருந்து அயித்தை வந்திருந்தார்கள், ஒரு பத்திரம் தேட. அப்பத்தாவின் மூத்த மகள். இரண்டாம் கட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் முற்றத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். குனிந்தார்கள். முட்டி வலியோடு மெதுவாக முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து, பொம்மையைத் தொடாமல் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்கள்.

"இது எங்காத்தாவுல்ல" என்றார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் வண்ணம் அடிக்கவில்லை அயித்தை, இது வெறும் அடிப்பூச்சுதான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

வெகு நேரம் பார்த்துவிட்டு, "அப்பு, காதுல தோடு எங்க? ஆத்தா தோட்டைக் கழட்டி நான் பாத்ததே இல்லை" என்றார்கள்.

உண்மைதான். நான் தோடு வைக்கவில்லை. நாலு மாதம் பிடித்தும் அது என் ஞாபகத்தில் வரவில்லை. முற்றத்தில் உட்கார்ந்தபடி அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். தோடு காது மடலில் எந்த இடம், எவ்வளவு பெரியது, தோட்டின் கனத்தில் காது எவ்வளவு இறங்கியிருந்தது.

ராத்திரி காரைக்குடி திரும்பியதும் காது மடல் இரண்டிலும் பிரைமரை ஊசி முனையால் சுரண்டி எடுத்தேன். கடுகைவிடச் சின்னதாகப் புட்டி உருட்டி ஒட்டியிருக்கிறேன். நாளை மாலைக்குள் இறுகிவிடும். அப்புறம் அந்த இடத்தை மட்டும் சோப்பால் துடைத்து, புளி நிறம் ஒரு கை, சிவப்பு ஒரு கை, உச்சியில் தந்தம் ஒரு புள்ளி. காற்றில் இன்னும் ஈரம் இல்லை, வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அடித்துவிடலாம்.